ஸ்பேர் டயர் பாகப்பிரிவினை

என் மாமன்மார் இருவரும் சொத்துப் பிரித்துக்கொண்டபோது எல்லாமே சரிசமமாகப் பிரிந்தது. கோளாறு அங்கேதான் ஆரம்பமாயிற்று.

அதுவரை பினாங்குச் சூலியா தெருவில் எங்கள் கடை வாசலில் "அலாவுதீன் சகோதரர்" என்று ஒரு நீளப் பலகை தொங்கிக்கொண்டிருந்தது. ஷேக் அலாவுதீன் பெரிய மாமு. சகோதரர் என்பது சின்ன மாமு ஜபருல்லா. இருவருக்கும் லோரி ஓட்டிப் பிழைப்பு. பல வருஷமாக அந்தப் பலகைக்குக் கீழே குனிந்து உள்ளே போய் நிமிர்ந்து வெளியே வந்த சின்ன மாமுவுக்கு, ஒரு நாள் திடீரென்று அதில் தன் பெயர் இல்லை என்பது தெரிந்தது.

"எனக்குப் பேரு இல்லையா? நான் வெறும் சகோதரரா?" என்றார்.

"நீ சகோதரர்னு போட்டாத்தானே நான் அண்ணன்னு ஊருக்குத் தெரியும்?" என்றார் பெரிய மாமு.

இதில் கோபித்துக்கொள்ள என்ன இருக்கிறது என்று வெளியாருக்குத் தோன்றலாம். எங்கள் குடும்பத்தில் இதைவிடச் சின்னக் காரணத்துக்கெல்லாம் ஆட்கள் பேசாமல் இருந்திருக்கிறார்கள்.

விஷயம் ஜமாத்துக்குப் போயிற்று. நான்கு பெரியவர்கள் வந்து பாய் விரித்து உட்கார்ந்தார்கள். நியாயம் எந்தப் பக்கமும் ஓர் இம்மி சாய்ந்துவிடக் கூடாதே என்ற பயம் அவர்களுக்கு நிறைய இருந்தது. முதலில் பலகையை நடுவில் ரம்பத்தால் அறுத்து, "அலாவுதீன்" என்ற பாதியைப் பெரியவருக்கும் "சகோதரர்" என்ற பாதியைச் சின்னவருக்கும் கொடுத்தார்கள். பிறகு லோரிகளுக்கு வந்தார்கள்.

லோரி என்றவுடன் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். முன்னால் இரண்டு பேர் நெருங்கி உட்காரலாம். பின்னால் ஒரு மரப்பெட்டி. அவ்வளவுதான். எங்களிடம் அப்படி இரண்டு இருந்தன. இரண்டும் ஒரே கம்பெனி, வேறு வேறு வருஷம். பழைய லோரிக்குச் சக்கரம் உயரமாக, ஒல்லியாக இருக்கும். புதிய லோரிக்குக் குட்டையாக, பருமனாக இருக்கும். சீட்டுக் குலுக்கினார்கள். பழையது பெரிய மாமுவுக்கும் புதியது சின்ன மாமுவுக்கும் விழுந்தன. இதோடு எழுந்து போயிருக்கலாம். ஆனால் அன்றைக்குப் பார்த்து இரண்டு ஸ்பேர் டயர்களும் லோரிகளில் இல்லாமல் கடைச்சுவரில் சாய்ந்து நின்றன. லோரியில் இல்லாததால் அவை தனிச்சொத்து என்றார் பெரியவர்களில் ஒருவர். மற்ற மூவரும் தாடியைத் தடவிக்கொண்டு, சரிதான் என்றார்கள். அதற்கும் தனியாகச் சீட்டுக் குலுக்கினார்கள்.

உயரமான ஸ்பேர் குட்டைச் சக்கர லோரிக்காரருக்கு விழுந்தது. குட்டை ஸ்பேர் உயரச் சக்கர லோரிக்காரருக்கு விழுந்தது. நியாயம் ஓர் இம்மியும் சாயாத மகிழ்ச்சியில் பெரியவர்கள் சர்பத் குடித்துவிட்டுப் போனார்கள்.

மாற்றிக்கொள்வது பெரிய காரியமில்லை. இரண்டு பேர் இருப்பிடத்துக்கும் நடுவே ஒரே ஒரு தெரு. எங்கள் பக்கத்தில் அண்ணனை நானா என்போம். ஒருவர் டயரை உருட்டிக்கொண்டு போய், "நானா, இது உங்களது" என்றோ "தம்பி, இது உன்னது" என்றோ சொன்னால் முடிந்தது. ஆனால் உருட்டிக்கொண்டு போகிறவர்தான் முதலில் பேச வேண்டும். எனவே யாரும் உருட்டவில்லை.

சின்ன மாமு வேறு ஸ்பேர் வாங்கவும் சம்மதிக்கவில்லை. "என் ஸ்பேர்தான் அங்க இருக்குதே, நான் ஏன் வாங்கணும்?" என்பார். அண்ணனுடைய உயர டயரைத் தன் லோரியின் பக்கவாட்டில் தோல்வாரால் கட்டிக்கொண்டு பினாங்குத் தீவு முழுவதும் மூன்று வருஷம் சுற்றினார். ஆணி குத்தினால் நின்று ஒட்டுப்போடுவாரே தவிர அதைத் தொடமாட்டார். "சகோதரர்" பலகையை மட்டும் லோரிப் பெட்டிக்குப் பின்கதவாக அடித்துக்கொண்டார். மரம் நல்ல மரமாம். மற்றபடி அந்த மூன்று வருஷமும் அவர் வாயிலிருந்து நானா என்ற சொல் வரவில்லை. "எதிர்க்கடைக்காரர்" என்பார்.

அப்போதுதான் பெரிய மாமு, நூர்ஜான் மாமியை அழைத்துக்கொண்டு ஹஜ்ஜுக்குப் புறப்பட்டார்.

ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் கப்பலேறுவதற்கு முன் தெரிந்தவர், பழகியவர் எல்லாரிடமும் மாப்புக் கேட்டுக்கொள்வார்கள். போகிற வழி கடல். போய்ச் சேருகிற இடத்தில் வெயில், காய்ச்சல். திரும்புவது நிச்சயமில்லை. யாருடைய மனத்தாங்கலையும் மூட்டையில் வைத்துக்கொண்டு அந்த மண்ணை மிதிக்கக் கூடாது. கேட்டால் மட்டும் போதாது. கேட்கப்பட்டவர் "பொறுத்தேன்" என்று வாய்திறந்து சொல்ல வேண்டும். மனத்துக்குள் பொறுத்துக்கொள்வது செல்லாது.

பெரிய மாமு எதையும் அரைகுறையாகச் செய்கிறவரில்லை. காப்பிக்கடை, முடிவெட்டும் கடை, ரிக்‌ஷாக்காரர்கள் என்று வரிசையாகப் போனார். இரும்புக்கடைச் சீனரிடம் போய் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டபோது, ஏதோ கடன் கேட்கிறார் என்று எண்ணி அந்தச் சீனர் கடைசி வரை தலையை ஆட்டி மறுத்தாராம். காலேஜ் விடுமுறைக்கு வந்திருந்த என்னையும் விடவில்லை.

"உன் காற்சட்டையைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லிட்டேன். பொறுத்துக்க."

"பொறுத்தேன் மாமு."

"அது இப்பவும் நல்லால்லை. சொன்னதைத்தான் பொறுத்துக்கச் சொல்றேன்."

ஊரில் ஒருவர் மட்டும் பாக்கி.

கப்பல் புறப்படுவதற்கு முந்தின நாள் சாயங்கால அசர் தொழுகை முடிந்ததும் பெரிய மாமு எங்கள் சந்துக்குள் வந்தார். நான் சின்ன மாமு வீட்டில்தான் தங்கியிருந்தேன். சின்ன மாமு ஜன்னலுக்குப் பின்னால் நின்று தொப்பியைச் சரிசெய்துகொண்டார். அவர் மனைவி சலேஹா மாமி அடுப்பில் தேத்தண்ணீர் வைத்தார். செருப்புச் சத்தம் எங்கள் வாசலுக்கு வந்து நின்றது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. பிறகு நாலடி நகர்ந்து அடுத்த வீட்டு வாசலுக்குப் போயிற்று.

அடுத்த வீட்டுக் குணவதி அக்கா வாசலில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தார்.

"குணவதி!" என்றார் பெரிய மாமு, கடலுக்கு அந்தப் பக்கம் செபராங்கில் நிற்கிறவரைக் கூப்பிடுவதுபோல. "நாளைக்கு நான் ஹஜ்ஜுக்குப் போறேன்!"

"தெரியும் பாய். நேத்தும் வந்து சொன்னீங்க."

"தெரிஞ்சோ தெரியாமலோ தப்பு ஏதாச்சும் செஞ்சிருந்தா பொறுத்துக்கணும்!"

"எனக்கு என்ன பாய் செஞ்சீங்க, ஒண்ணுமில்லைலா. கொஞ்சம் மெதுவாப் பேசுங்க, பிள்ளை தூங்குது."

"கோவத்துல சொல்லியிருப்பேன்! பலகை விஷயத்துல!"

"என்ன பலகை?"

"பொதுவாச் சொல்றேன்!"

உள்ளே சலேஹா மாமி சின்ன மாமுவின் முழங்கையைத் தள்ளினார். "போய் நில்லுங்களேன். உங்களைத்தான் கேக்குறாங்க."

"என் பேரைச் சொல்லலையே."

"குணவதிக்கும் அவங்களுக்கும் பலகைத் தகராறா? காது கேக்குதுல்ல உங்களுக்கு?"

"கேக்குது. குணவதிகிட்ட கேக்குறாரு. குணவதி பொறுத்துக்கட்டும்."

சொல்லிவிட்டுச் சின்ன மாமு பலமாக இருமினார். மூன்று வருஷத்து இருமல் அது. நான் இங்கேதான் இருக்கிறேன், இன்னும் ஒரு தடவை கூப்பிட்டால் வந்துவிடுவேன் என்பதெல்லாம் அதில் இருந்தது. ஆனால் "பொறுத்தேன்" என்று இருமலில் சொல்ல முடியாது. வெளியே "சரி குணவதி" என்று பெரிய மாமு மெதுவாகச் சொன்னது கேட்டது. செருப்புகள் திரும்பிப் போயின.

யாரும் தொடாமல் ஆறிப்போன அந்தத் தேத்தண்ணீரை நான்தான் குடித்தேன்.

சாப்பிடும்போது சின்ன மாமு சோற்றைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "நாளைக்குக் கப்பல் எப்பவாம்?"

"மத்தியானம் லுஹர் தொழுகை முடிஞ்சதும்" என்றேன்.

"எனக்கென்ன, எப்ப வேணும்னாலும் போகட்டும். பாலிக் புலாவ்ல ஜாதிக்காய் ஏத்தணும். துறைமுகத்துக் கிடங்குல இறக்கணும். லுஹர் வாக்குல நான் அந்தப் பக்கமா இருந்தாலும் இருப்பேன். வேணும்னு போகல."

அந்த ஜாதிக்காய் அடுத்த வாரம் ஏற்ற வேண்டிய சரக்கு. நாளைக்கே வேண்டும் என்று மாமு அன்று சாயங்காலம் ஆள் அனுப்பியது எனக்கும் மாமிக்கும் தெரியும். மாமி அவர் தட்டில் இன்னொரு மீன் துண்டை வைத்தார்.

காலையில் நானும் லோரியில் ஏறிக்கொண்டேன். புறப்படுவதற்கு முன் மாமு ஈரத்துணியால் அந்த உயர டயரைத் துடைத்தார். லோரியை அவர் எப்போதுமே துடைத்துத்தான் வைத்திருப்பார். சூலியா தெருவில் நேராக நிற்கிற லோரி என்னுடையது ஒன்றுதான் என்று சொல்லிக்கொள்வார். ஆனால் அந்த ஸ்பேரில் துணி பட்டதை நான் பார்த்தது அன்றுதான்.

போகிற வழியெல்லாம் ஒத்திகை நடந்தது.

"நேரா போயி, டயரை அவுத்து முன்னால வைப்பேன். 'இது உங்க டயர், வச்சுக்கங்க' ம்பேன். அவ்வளவுதான். வேற பேச்சு இல்லை."

"அப்புறம்?"

"அவரு 'தம்பி' ம்பாரு. சொல்லாம இருக்க முடியாதுல்ல, டயரைக் கொடுக்கும்போது? அப்ப நான் சொல்லிடுவேன்."

"என்னன்னு?"

"அதான்லா. அந்த வார்த்தைதான்." அதை வீணாக்க அவருக்கு மனமில்லை. அண்ணனுக்கென்று வைத்திருந்தார்.

பாலிக் புலாவில் மூட்டைகளை ஏற்றினோம். தேவைக்கு மேலேயே ஏற்றினார். துறைமுகத்துக்கு வருவதற்குக் காரணம் கனமாக இருக்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ. மலைவளைவுகளில் இறங்கி, பாயான் லெப்பாசும் தாண்டினோம். நேரம் ஏராளமாக இருந்தது. மாமு ஏதோ பைத்துப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினார். சுங்கை நிபோங் தென்னந்தோப்புக்குப் பக்கத்தில் வலதுபக்கப் பின்டயர் வெடித்தது.

இறங்கிப் பார்த்தோம். ஒட்டுப்போடுகிற ஓட்டையில்லை. பக்கவாட்டில் ஒரு சாண் கிழிந்து, உள்ளே இருந்த டியூப் வெளியே எட்டிப் பார்த்தது. சைக்கிளில் போன ஒரு மலாய்க்காரர் காலை ஊன்றி நின்றார். மலாயில் டயருக்குத் தாயார் என்று பெயர். "தாயார் போய்விட்டதா?" என்று அவர் தம் பாஷையில் அக்கறையாக விசாரித்தார்.

"தாயார் போய்ப் பத்து வருஷம் ஆச்சு. இருந்திருந்தா எங்க ரெண்டு பேர் காதையும் திருகியிருப்பாங்க" என்றார் மாமு தமிழில்.

நாங்கள் இருவரும் பக்கவாட்டில் கட்டியிருந்த ஸ்பேரைப் பார்த்தோம். துடைத்துப் பளபளவென்று இருந்தது. வேறு வழியில்லை. தோல்வாரை அவிழ்த்தார். ஒரே கம்பெனி ஆகையால் ஐந்து ஓட்டைகளும் ஐந்து போல்ட்டுகளில் அழகாக உட்கார்ந்தன. மூன்று வருஷம் பேசாமலிருந்த இரண்டு வீட்டுச் சாமான்கள் இவ்வளவு சுலபமாகப் பொருந்தும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அண்ணனுக்குக் கொடுக்க வேண்டிய டயர் தம்பியின் அச்சில் ஏறிவிட்டது. இனி எதைக் கொடுத்துப் பேச்சை ஆரம்பிப்பது என்று மாமுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கொஞ்ச தூரம் போவதற்குள் கருகல் நாற்றம் வந்தது. அந்தச் சக்கரம் மற்றதைவிட மூன்று விரல் உயரம். பாரத்தில் பெட்டி கீழே அமுங்கி, அதன் அடிக்கட்டை டயரில் உரசியது. இன்னும் கொஞ்சம் போனால் இதுவும் கிழியும். நிறுத்தினோம்.

"மூட்டையை இங்கேயே இறக்கிடலாம் மாமு" என்றேன். "அதோ கடை இருக்குது. பாத்துக்கச் சொல்லிட்டு, சாயங்காலம் வந்து எடுத்துக்கலாம். காலி லோரின்னா உரசாது."

"காலி லோரியோட போனா?"

"போனா என்ன?"

"எதுக்கு வந்தேன்னு யாராச்சும் கேட்டா?"

"நானாவைப் பாக்க வந்தேன்னு சொல்றது."

பினாங்கு ரோட்டில் கைலி இல்லாமல் நடக்கச் சொன்னதுபோல என்னைப் பார்த்தார். "காலேஜ்ல இதத்தான் சொல்லித் தர்றாங்களா?"

அந்த இடத்தில் அந்த மூட்டைகளை இறக்கியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் மூட்டைகளில் இருந்தது ஜாதிக்காய் மட்டுமில்லை. அவற்றுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டுதான் மாமுவால் அண்ணன் முன்னால் போக முடியும். ஆகவே எதையும் இறக்கவில்லை. வலதுபக்க மூட்டைகளையெல்லாம் தூக்கி இடதுபக்கம் அடுக்கினோம். வலதுபக்கம் பெட்டி எழும்பியது, உரசல் குறைந்தது. இடதுபக்கம் லோரி மண்டியிட்டது.

அப்படியே ஓட்டினார். அவர் மேட்டில், நான் பள்ளத்தில். குளுகோரில் ஒவ்வொரு திருப்பத்துக்கும் நான் கதவோடு போய் ஒட்டினேன். இடுப்பு உடைந்த எருமைபோல லோரி நொண்டிக்கொண்டு போனது. உரசல் முழுக்க நிற்கவில்லை. நாற்றம் வரும்போதெல்லாம் நிறுத்தி, சாக்கடைத் தண்ணீரை அள்ளி டயரில் ஊற்றினோம். ஜெலுத்தோங்கில் ஒரு ரிக்‌ஷாக்காரர் எங்களைத் தாண்டிப் போய்த் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். மாமு அதைக் கவனிக்கவில்லை. எங்கிருந்தோ லுஹர் பாங்கு கேட்டது. அதைக் கவனித்தார்.

"மூட்டையை இறக்கிடவா மாமு?" என்று இன்னொரு தடவை கேட்டேன்.

"இப்ப இறக்க நேரமில்லை" என்றார். அது உண்மைதான்.

துறைமுகத்துக்குள் நுழைந்தபோது, கப்பலேறும் மேடையான ஜெட்டி முழுவதும் தலைகள். கப்பலின் கயிறுகளை அவிழ்த்தாகிவிட்டது. ஜெட்டிக்கும் கப்பலுக்கும் நடுவே ஒரு சந்து அகலத்துக்குத் தண்ணீர் தெரிந்தது. பயணக்காரர்களை வழியனுப்புகிற பாங்கை யாரோ ஒருவர் காதில் கைவைத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். மாமு கூட்டத்தின் விளிம்புவரை லோரியைக் கொண்டுபோய், முகப்பு கடலைப் பார்க்கும்படி அப்படியே நிறுத்தினார். "சகோதரர்" என்ற பலகை ஊர்ப்பக்கம் திரும்பி நின்றது. திருப்பி நிறுத்த நேரமில்லை. அது எனக்குத் தோன்றவும் இல்லை.

பெரிய மாமு மேல்தட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் நூர்ஜான் மாமி. வெள்ளை உடுப்பும் வெள்ளைத் தலைப்பாகையுமாக அங்கே எல்லாரும் ஒரே மாதிரிதான் இருந்தார்கள். ஆனாலும் நின்ற நிலையில் அவர்தான் என்று தெரிந்தது.

மாமு லோரிப் படியில் ஏறி நின்றார். மூன்று வருஷத்துக்குப் பிறகு அவர் வாய் அந்தச் சொல்லுக்குத் திறந்தது.

"நானா!"

கப்பல் தட்டில் இருபது பேர் கையசைத்தார்கள்.

அவர்கள் மேல் குற்றமில்லை. அங்கே நின்றவர்களில் பாதிப்பேர் யாருக்காவது நானா. ஜெட்டியில் நின்றவர்களிலும் பத்துப் பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"நானா! நானோவ்!"

இன்னும் நாலு பேர் சேர்ந்து அசைத்தார்கள். பெரிய மாமு அசைக்கவில்லை. கரையைத் தலையிலிருந்து வால்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க மாமு! அலாவுதீன்னு கத்துங்க!"

"நானாவைப் பேர் சொல்லியா?" அந்த அவசரத்திலும் அவர் முகத்தில் அதிர்ச்சி தெரிந்தது. நான் கத்தலாம் என்றால் நான் மருமகன், எனக்கும் முடியவில்லை.

பிறகு அவர் அந்த வார்த்தையைச் சொன்னார். தொண்டை கிழியச் சொன்னார். "பொறுத்தேன்! நான் பொறுத்தேன்!"

ஜெட்டியில் எல்லாரும் அதையேதான் கத்திக்கொண்டிருந்தார்கள். அது ஒரு பெரிய சத்தத்தில் ஒரு சின்னச் சத்தமாகச் சேர்ந்து போயிற்று.

அப்போது நூர்ஜான் மாமி எங்கள் பக்கம் கையை நீட்டினார். பெரிய மாமு பார்த்தார். நேராக எங்கள் லோரியைப் பார்த்தார். அவரும் கையை நீட்டி மாமியிடம் ஏதோ சொன்னார். கப்பல் ஊதியது. இருவரும் புகைக்குப் பின்னால் போய்விட்டார்கள்.

"பாத்துட்டாரு!" மாமு என் தோளைப் பிடித்து உலுக்கினார். "கையக் காட்டினாருல்ல? நீ பாத்தேல்ல?"

"பாத்தேன் மாமு. காட்டினார்."

"அது போதும்லா. அது போதும்."

கிடங்கில் மூட்டைகளைத் தாமே ஒவ்வொன்றாக இறக்கினார். அவ்வளவு சந்தோஷமாக ஒருவர் ஜாதிக்காய் இறக்கி நான் பார்த்ததில்லை.

பெரிய மாமு ஹஜ்ஜை முடித்தார். திரும்பவில்லை. காய்ச்சலில் மக்காவிலேயே மௌத்தாகி, அங்கேயே அடக்கமானார் என்று தந்தி வந்தது. கொடுத்துவைத்தவர் என்று ஊரார் சொன்னார்கள். சின்ன மாமு குழந்தைபோல அழுதார். ஆனால் துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவரிடமும் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜெட்டிக் கதையைச் சொன்னார். "டயர் வெடிச்சும் விடலை நான். நானா என்னைப் பாத்துட்டாங்க. கையைக் காட்டினாங்க. இவன் சாட்சி." நான் தலையாட்டினேன். அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் அவர் எழுந்து நடமாடினார் என்று நினைக்கிறேன்.

நூர்ஜான் மாமி தனியாகத் திரும்பி வந்து இத்தா இருந்தார். கணவன் இறந்த பெண் வெளி ஆண்களைப் பார்க்காமல் வீட்டுக்குள்ளே இருக்கிற காலம் அது. சில நாள் கழித்துச் சின்ன மாமு, லோரிக்கு வேறு டயர் மாட்டிவிட்டுக் கழற்றிவைத்திருந்த அந்த உயர டயரைக் கழுவி, உருட்டிக்கொண்டு தெருவைத் தாண்டினார். நானும் கூடப் போனேன். தாண்டி முடிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

வாசல் அறையில் திரை தொங்கியது. இந்தப் பக்கம் பாயில் நாங்கள் உட்கார்ந்தோம். அந்தப் பக்கம் மாமியின் வளையல் இல்லாத கை திரையின் ஓரத்தைச் சரிசெய்வது தெரிந்தது.

"நானா டயரைக் கொண்டாந்திருக்கேன் மதினி. சுவத்துல சாச்சு வச்சிருக்கேன்."

"உங்க டயரும் பின்கட்டுல இருக்குது தம்பி. போகும்போது எடுத்துக்கங்க. அதுல தூசி படக் கூடாதுன்னு சாக்கு போட்டு மூடி வச்சிருந்தாங்க."

மாமு கொஞ்ச நேரம் பாயின் கோரையை நிமிண்டிக்கொண்டிருந்தார். பிறகு, பதில் தெரிந்த கேள்வியை ஆசைக்காகக் கேட்கிறவரைப் போலக் கேட்டார்:

"ஜெட்டியில நானா என்னைப் பாத்தாங்கல்ல?"

"எந்த ஜெட்டியில?"

"இங்கதான் மதினி. கப்பல் கிளம்பும்போது. கையைக் காட்டினாங்களே."

திரையின் ஓரத்திலிருந்து அந்தக் கை விலகியது.

"நீங்க வந்திருந்தீங்களா தம்பி?" என்றார் மாமி.

மாமு என்னைப் பார்த்தார். நான் பாயைப் பார்த்தேன்.

"அவங்க உங்களைத்தான் தேடிக்கிட்டு நின்னாங்க. காலையிலேர்ந்து அந்தக் கம்பியை விட்டு நகரலை. கயிறு அவுத்த பிறகு ஒரு லோரி வந்துச்சு. தம்பி லோரி மாதிரி இருக்குதேன்னு நான்தான் கையக் காட்டினேன். அவங்க பாத்தாங்க..."

"பாத்துட்டு?"

"'சே, இல்லை. அது வேற யாரோ. ஒரு பக்கமா சாஞ்சுக்கிட்டு, நொண்டிக்கிட்டு வருது பாரு. ஜபருல்லா லோரியை இப்படியா வச்சிருப்பான்? அவன் லோரி நூல் பிடிச்ச மாதிரி நேரா நிக்கும்' னாங்க. அப்புறம் உள்ள போயி படுத்துட்டாங்க."

தெருவில் ஐஸ் விற்கிறவன் மணியடித்துக்கொண்டு போனான்.

"நேரா நிக்கும்னா சொன்னாங்க?" என்றார்.

"ஆமா தம்பி."

"நூல் பிடிச்ச மாதிரின்னு?"

"ஆமா."

பின்கட்டுக்குப் போய்ச் சாக்கை விலக்கினோம். டயரில் தூசியே இல்லை. மாமு அதை உருட்டிக்கொண்டு வந்து லோரியின் பக்கவாட்டில் தோல்வாரால் கட்டினார். வாரில் பழைய உயர டயருக்குப் போட்ட ஓட்டை இதற்குத் தளர்வாக இருந்தது. புதிதாக ஓர் ஓட்டை குத்தி இறுக்கினார். பிறகு லோரிக்கு முன்னால் கொஞ்ச தூரம் நடந்துபோனார். ஏறக்குறைய லோரிக்கும் கப்பலுக்கும் நடுவே அன்று இருந்த தூரம். அங்கிருந்து திரும்பி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"நேராத்தானே நிக்குது?" என்றார்.

"நேராத்தான் மாமு நிக்குது."

அவர் இன்னும் அங்கேயே நின்றார். குணவதி அக்கா மிளகாயைத் திருப்பிப் போட வெளியே வந்தவர், நடுத்தெருவில் ஒற்றைக் கண்ணோடு நிற்கிற மனுஷனைப் பார்த்துவிட்டு, மிளகாயைத் திருப்பாமலே உள்ளே போய்விட்டார்.